வலைக்கண்ணில் ஒரு சொல்

சர்க்கஸ் பார்த்துக் கவிதை எழுதச் சொல்லலாம் என்ற யோசனை யாருடையது என்பது கோப்பில் தெளிவாக இருந்தது. குறிப்புப் பக்கத்தின் இடது ஓரத்தில், பச்சை மையில். பச்சை மையில் எழுதப்பட்ட எதற்கும் அன்றைக்கு எதிர்க்கேள்வி கிடையாது. அதன் கீழே நான் நீல மையில் 'உத்தரவுப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆக, இதில் என் பங்கு முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. நான் வேடிக்கை பார்த்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகாத காலம். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்த என்னை, வயது வந்தோருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் திட்டத்துக்கு மாற்றுப்பணியில் அனுப்பியிருந்தார்கள். மாற்றுப்பணி என்றால் நாற்காலி ஓர் அலுவலகத்தில், சம்பளம் இன்னோர் அலுவலகத்தில், மரியாதை இரண்டிலும் இல்லை. எனக்கு மேலே ஒரு திட்ட அலுவலர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அவருடைய பிரிவு உபசார விழாவில்.

அந்தத் தை மாதம் சேலம் சாலையோரத்து மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டது. மூன்று வாரம் முடிந்ததும் உரிமத்தை நீட்டிக்கச் சொல்லி அதன் மேலாளர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். உரிமம் நீட்டிக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. அது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலர் தெரியப்படுத்தவும் இல்லை. பதிலுக்கு, நம் கற்போருக்கு ஒரு பகல் காட்சி இலவசமாகக் காட்டுங்கள் என்றார். மேலாளர் ஒப்புக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே பச்சை மை இறங்கியது. கற்போர் சர்க்கஸ் பார்ப்பார்கள். பார்க்கும்போதே வரைவார்கள், எழுதுவார்கள். சிறந்தவை நூலாக வரும். நூலை அமைச்சர் வெளியிடுவார். யாரை அழைப்பது? மலை மக்களை. கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண்கள் கையில் பென்சிலோடு சர்க்கஸ் பலகையில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் எப்படி வரும் என்று அலுவலர் தன் இரண்டு கைகளையும் சட்டம் போல வைத்துக் காட்டினார்.

காட்சியன்று கச்சிராயபாளையம் வழியாக இரண்டு லாரிகள் இறங்கி வந்தன. பெரும்பாலும் பெண்கள். வந்தவர்களை உடனே சர்க்கஸ் பார்க்க விடவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். கவிதை எழுதுவது எப்படி என்று விளக்க அவருக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தோம். ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். எதுகை என்றார், மோனை என்றார். ஒலிபெருக்கிக்குப் பின்னால் யானை ஒன்று தன் முறைக்காகக் காத்து நின்றது. அந்த யானையின் பொறுமையை நான் எந்த அரசு விழாவிலும் கண்டதில்லை.

ஆளுக்கு ஒரு கால் சார்ட் காகிதம், ஒரு பென்சில். ஐந்து பேருக்கு ஒரு பெட்டி மெழுகுக் கலர். பார்க்கும்போதே வரைய வேண்டும் என்பது உத்தரவு. காகிதத்தைக் குனிந்து பார்த்தால் சர்க்கஸ் தெரியாது, சர்க்கஸைப் பார்த்தால் காகிதம் தெரியாது என்பதை உத்தரவு போட்டவர் யோசிக்கவில்லை. ஒரு மூதாட்டி காகிதத்தை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பலகையில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

இருந்தாலும் வரைந்தார்கள். கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றியதை ஒருத்தி வெறும் வட்டமாகப் போட்டாள், காகிதம் கிழியும்வரை. சிங்கம் போட்டவள் பக்கத்திலிருந்தவளிடம் மாட்டிக்கொண்டாள்.

"இன்னாடி, சிங்கத்தப் போட சொன்னா மாட்டப் போட்டுக்கினு கீற?"

"எலும்பு தெரியுது பாரு. எங்கூட்டு மாடு இப்பிடித்தான் கீது."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிங்கத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் சொன்னது சரி.

பிறகு உச்சியில் ஊஞ்சல் ஆட்டம். வெள்ளிச் சரிகை உடுப்பில் ஒரு பெண் ஓர் ஊஞ்சலை விட்டு இன்னோர் ஊஞ்சலில் தொங்கியவனின் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். கை தவறியது. கூடாரம் முழுக்க ஒரே மூச்சு உள்ளே போனது. அவள் வலையில் விழுந்து, துள்ளி, எழுந்து, இரண்டு கையையும் விரித்துச் சலாம் போட்டாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரி.

"உக்காரு, மறைக்குது" என்று பின்னாலிருந்து புடவையை இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை. ஆட்டம் முடிந்து வலையை அவிழ்க்க ஆட்கள் வந்ததும் பலகை பலகையாகக் கால் வைத்து இறங்கிப் போனாள். வலையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். விரலை விட்டு இழுத்தாள். அவிழ்த்துக்கொண்டிருந்த ஆளிடம் ஏதோ கேட்டாள். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. முளைக்கம்பியில் கயிறு எப்படி இறுகுகிறது என்று கட்டிக் காட்டினான். அதற்குள் காவலாள் ஒருவன் வந்து அவளைத் துரத்தினான்.

திரும்பி வந்தவள் பெட்டியிலிருந்து கறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யானை வந்தது, கோமாளி வந்தான், கிளி வண்டி ஓட்டியது. அவள் தலை நிமிரவில்லை.

காகிதங்களைச் சேகரித்து, எண் போட்டு, அலுவலக முத்திரை குத்துவது என் வேலை. அவளுடையதை வாங்கியதும் முத்திரை குத்த மறந்து நின்றேன். காகிதம் முழுக்க வலை. ஓரம்வரை, இடமே விடாமல். மேல் விளிம்பில் இரண்டு பாதங்கள், உள்ளங்கால் நம்மைப் பார்க்க. ஊஞ்சல் இல்லை, சரிகை இல்லை, முகம் இல்லை. வலையின் கண்களில், ஒரு கண்ணுக்கு ஒரு சொல்லாக, மேலிருந்து கீழே எழுத்து இறங்கியது. எழுத்து ஒவ்வொன்றும் விரல் பருமன். நான் படித்தது இது:

மேல ஆடறவ
கீழ வுழுந்தா
ஏந்திக்க வல கீது.
புளிய மரத்துமேல ஏறின
எந் தம்பிக்கு
பாற இருந்திச்சு.

எனக்கு இலக்கியம் தெரியாது என்று பணிவு காட்டமாட்டேன். பி.ஏ. தமிழ் படித்தவன். படித்த நான்கைந்து ஆயிரம் பாட்டுகளில் எதற்கும் எனக்கு அப்படிப் பிடரி சிலிர்த்ததில்லை. முத்திரையை மூலையில் குத்தினேன். அதன் பிறகு அது அரசு ஆவணம்.

தேர்வுக் குழு கூடியது. அலுவலர், பேராசிரியர், கூட்டக் குறிப்பு எழுத நான். எல்லாக் காகிதங்களையும் மேசைமேல் பரப்பினோம். வலையைப் பார்த்ததும் அலுவலரின் முகம் மலர்ந்தது. சொற்களைப் படித்ததும் சுருங்கியது.

பேராசிரியருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் சிக்கல். ஐந்து மாதம் பாடம் கேட்ட கூலிக்காரி எழுதியது தனக்குப் பிடிக்கலாமா? ஆகவே அவள் எழுதியிருக்க முடியாது என்று முடிவு செய்தார். பின்னால் ஒரு படித்தவன் இருக்கிறான் என்றார். மலையில் அவளுக்குப் பாடம் நடத்திய தொண்டரைச் சொன்னார். கச்சிராயபாளையத்துப் பட்டதாரி இளைஞர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். இரண்டு கையையும் கூப்பினார்.

"சத்தியமா நா எழுதல சார். எனக்குக் கவிதையே வராது சார். லவ் லெட்டரே ஒருத்தன் எழுதிக் குடுத்துதான் சார் குடுத்தேன்."

அலுவலரின் கவலை வேறு. மலையில் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர் செல்வாக்கான ஆள். அந்த மரங்களில் ஒன்றிலிருந்து ஒருவன் விழுந்து செத்தான் என்று அரசு நூல் சொல்லலாமா? அலுவலர் ரகசியமாக இறப்புப் பதிவேட்டைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார். அவளுடைய தம்பி இறந்த காரணம் 'காய்ச்சல்' என்று இருந்தது.

"சார், இது சந்தோஷமான புத்தகம்" என்றார் என்னிடம், நான் ஏதோ துக்கப் புத்தகம் கேட்டதுபோல. "அவங்கதான் எழுதினாங்கன்னு நிரூபணமானா போட்டுடலாம். நீங்களே போய் விசாரிச்சு வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. உங்க விசாரணைன்னா யாரும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது."

இந்தப் பாராட்டில் நான் மயங்கினேன். அதையும் பதிவு செய்கிறேன்.

மாசி மாதம் வெள்ளிமலை பேருந்தில் போய் கரியாலூரில் இறங்கி நடந்தேன். தொண்டர் வழி காட்டினார். அவள் ஒரு பலா மரத்தடியில் நான்கைந்து பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கட்டையால் ஒரு தட்டு, கொட்டை தனியே தெறிக்கும். எல்லாம் அதே குத்தகைக்காரரின் புளி. தம்பி செத்த மரத்தின் புளியும் அதில் இருக்குமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. விசாரணைப் பொருளில் அது வரவில்லை.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்துவிட்டு, "நா எழுதினத நா எழுதினேன்னு சொல்லணுமா?" என்றாள்.

"ஆமாம்மா. ஒரு நடைமுறை."

"அந்தச் சிங்கம் போட்டவள யாரும் கேக்கலியே. சிங்கத்த மாடு மாரி போட்டா கேக்க மாட்டீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போய்ப் பாடப் புத்தகத்தையும் சிலேட்டுப் பலகையையும் எடுத்து வந்தாள். புத்தகத்தில் நான் காட்டிய பக்கத்தைப் படித்தாள். வேகமில்லை, ஆனால் தடுக்கவில்லை. பலகையில் என்ன எழுதட்டும் என்றாள். உன் ஊர்ப் பெயர் என்றேன். எழுதினாள். தம்பி ஏறின மரம் எந்தப் பக்கம் என்று நான் கேட்காமலேயே அடுத்து ஒரு வரி எழுதினாள்: பள்ளத்து ஓரம், பாறை மேல், மூணாவது மரம். அதைப் படித்துவிட்டு நான் தலையசைத்தேன். அவள் முந்தானையால் பலகையைத் துடைத்தாள். எனக்கு ஐயம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் கவனமில்லாமல் போனேன்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். அந்த வேலையை அதற்கு முன் ஆயிரம் முறை செய்திருப்பேன். பட்டா, வாரிசு, இறப்பு, தீ விபத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நடை. 'மேற்படி ஊரில் வசிக்கும் நான் கொடுக்கும் வாக்குமூலம் யாதெனில்' என்று தொடங்கி, அந்தச் சித்திரத்தையும் எழுத்தையும் தானே போட்டதாகவும் பிறர் உதவி இல்லை என்றும் எழுதி, கை தானாக முடிவுரைக்குப் போனது: 'இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சரி என ஒப்புக்கொள்கிறேன்.' அப்படியே படித்தும் காட்டினேன். பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினேன்.

அவள் பெருவிரலைக் கொடுத்தாள்.

பத்து வருஷமாக மலைக்கு ஏறிவந்த சர்க்கார் ஆள் ஒவ்வொருவனும் அவளிடம் கேட்டது அந்த விரலைத்தான். எழுதத் தெரிந்த பிறகு சர்க்காருக்குக் கையெழுத்துப் போடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டியது எங்கள் திட்டம். சொல்லவேண்டிய ஆள் நான். நான் அவள் விரலைப் பிடித்து, மையில் உருட்டி, காகிதத்தில் பதித்து, 'இது இன்னாருடைய பெருவிரல் ரேகை' என்று பக்கத்தில் எழுதிச் சான்றொப்பமும் இட்டேன். தொண்டர் பக்கத்தில் நின்றார். அவருக்கும் தோன்றவில்லை. விரல் மையை அவள் கட்டையில் தேய்த்துக்கொண்டு மறுபடி புளி தட்ட உட்கார்ந்தாள். நான் கடைசிப் பேருந்துக்கு அவசரப்பட்டு நடந்தேன், நல்ல வேலை செய்த நிறைவோடு.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் என் அறிக்கையைப் படித்தார். இரண்டு பக்கம் பாராட்டிப் படித்தார். மூன்றாம் பக்கம் திருப்பியதும் நின்றார். காகிதத்தை அலுவலர் பக்கம் திருப்பி ரேகைமேல் விரல் வைத்தார்.

"கைநாட்டு வைக்கிற அம்மா கவிதை எழுதுதா?"

அந்த நொடிவரை எனக்கு உண்மையிலேயே உறைக்கவில்லை. உறைத்தபோது காது மடல் சுட்டது. நான் பேசத் தொடங்கினேன். அவள் படித்தாள், என் கண் முன்னால் எழுதினாள் என்றேன். எழுதியது எங்கே என்றார்கள். பலகையில் என்றேன். பலகை எங்கே என்றார்கள். பலகையைக் கோப்பில் கோக்க முடியாது என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இது என் பழக்கத் தவறு என்றேன். அலுவலர் என்னைக் கனிவோடு பார்த்தார்.

"சார், நீங்களே எழுதியிருக்கீங்க, படித்துக் காட்டப்பட்டதுன்னு. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப் படிச்சுக் காட்டணும்? இப்ப வாயால மாத்திச் சொன்னா எப்படி?"

எழுத்துக்கு எதிராக வாய்ச்சொல் செல்லாது. முப்பத்து நான்கு வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொன்னது இதைத்தான். எத்தனை பேரை இந்த வாக்கியத்தால் படியிறக்கி அனுப்பியிருக்கிறேன்! அவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொன்னார்கள்?

கவிதை தள்ளுபடி. ஆனால் சித்திரத்தை விட மனமில்லை. வலை நன்றாக இருக்கிறது, அட்டைக்குப் போடலாம் என்றார் அலுவலர். சொற்களை மட்டும் எடுத்துவிட வேண்டும். நகல் எடுத்து அதில் அழிக்கலாம் என்று யோசிக்கக்கூட அங்கே ஆளில்லை. தட்டச்சர் ஒயிட்னர் பாட்டிலை எடுத்து, அவள் காகிதத்திலேயே, ஒவ்வொரு கண்ணாக, நுனித் தூரிகையால் பூசினார். மிகச் சுத்தமாகப் பூசினார். கறுப்புக் கோட்டில் ஒரு துளி படவில்லை. மேல் விளிம்பில் வெறும் பாதங்கள் அபசகுனமாக இருப்பதாக ஒருவர் சொன்னதால் அச்சகத்து ஓவியர் அதன்மேல் சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் படத்தை ஒட்டினார். நூல் வந்தது. அமைச்சர் வரவில்லை, வேறு யாரோ வெளியிட்டார்கள். உள்ளே கோமாளியைப் பற்றி எதுகை மோனையோடு பத்துப் பன்னிரண்டு பாட்டுகள். அதில் ஒன்றிரண்டு பேராசிரியருடைய நடை. யாரும் விசாரிக்கவில்லை. அட்டை ஓவியம்: ஒரு கற்போர்.

அப்போது என் கோபம் அலுவலர்மேல் இருந்தது, பேராசிரியர்மேல் இருந்தது, பதிவேட்டில் காய்ச்சல் என்று எழுதியவன்மேல் இருந்தது. ஒவ்வொரு இரவும் மூவரையும் மாற்றி மாற்றித் திட்டிவிட்டுத் தூங்கினேன். கோபம் என்மேல் வந்தபோதுதான் ஏதாவது செய்யத் தோன்றியது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஒன்பது பக்கத்தில் குறிப்பு எழுதினேன். தவறு என்னுடையது, ரேகை வாங்கியது பழக்கத்தால், மறு வாக்குமூலம் வாங்க அனுமதிக்கவும், அடுத்த பதிப்பில் திருத்தவும். அலுவலர் ஓரத்தில் எழுதினார்: 'மறு வாக்குமூலம் பெறலாம். மறுபதிப்பு பற்றிப் பின்னர்.' 'பின்னர்' என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் மலைக்குப் போனேன். போகும்போது கோப்பிலிருந்து அவளுடைய காகிதத்தை உருவி பையில் வைத்துக்கொண்டேன். மூல ஆவணத்தை வெளியே கொண்டுபோக எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். நான் கேட்கவில்லை.

ஆடி மாதம். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் எழவில்லை. நூல் ஒன்று ஏற்கனவே தொண்டர் மூலமாக அவள் கைக்குப் போயிருந்தது. நான் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கைரேகையால் வந்த வினை என்றேன். இந்த முறை நீயே உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டால் சரிசெய்துவிடலாம் என்று படிவத்தை எடுத்தேன்.

"வெரலு கேட்டது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"நா எழுதறப்ப பாத்துக்கினுதான இருந்தீங்க?"

"பார்த்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவரு ஆபீசுல சொல்லி நடக்கல. தெரியாதவ நான் எழுதிக் குடுத்தா நடக்குமா?" களைக்கொத்தைக் கீழே போட்டாள். "ஒரு தபா எழுதினேன், அழிச்சிட்டாங்க. எழுதத் தெரியும்னு இன்னொரு தபா எழுதணுமாம். நா இன்னா சர்க்கஸ் கிளியா?"

நான் படிவத்தை மடித்தேன். அவளுக்குக் கொடுக்க வேறு எதுவும் என்னிடம் இல்லாததால் காகிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கூட இருந்த பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். வலை இருந்தது. கண்கள் ஒவ்வொன்றும் வெள்ளையாக உலர்ந்து கெட்டியாக இருந்தன. அச்சகத்து ஓவியர் ஒட்டிய பெண் பாதி பிரிந்து தொங்கினாள். அந்தப் படத்தை அவள் கிழித்துப் போட்டதும் பாதங்கள் மறுபடி வெளியே வந்தன. பிறகு நகத்தால் ஒரு கண்ணைச் சுரண்டினாள். வெள்ளையோடு சொல்லும், சொல்லோடு காகிதமும் பெயர்ந்து வந்தது. அடுத்ததைச் சுரண்டவில்லை.

என் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் காட்டி, "அதக் குடுங்க" என்றாள். வரப்பில் உட்கார்ந்து காகிதத்தை முட்டிமேல் வைத்துக்கொண்டாள். ஒயிட்னர்மேல் பேனா வழுக்கியது. அழுத்தினாள். மேற்பூச்சு வெடித்தது. வெடித்த இடத்தில் மறுபடி எழுதினாள். பழைய சொற்களை அவள் எழுதவில்லை. முதல் கண்ணில் தம்பியின் பெயரை எழுதினாள். இரண்டாம் கண்ணிலும் அதே பெயர். மூன்றாவதிலும். களை காய்ந்துகொண்டிருந்தது. வலையில் எத்தனை கண் இருந்ததோ அத்தனைக்கும் எழுதினாள். கிழிந்துபோன கண்ணை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முடித்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். காகிதத்துக்காகவும் நான் கை நீட்டினேன். பழக்கம். அவள் என் கையைப் பார்த்தாள்.

"இது ஆபீசு காயிதம் இல்ல" என்றாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு களைக்கொத்தை எடுத்தாள். நான் வரப்பைவிட்டு இறங்கி நடந்தேன்.

ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்காகக் கோப்பைப் புரட்டியபோது மூலக் காகிதம் இல்லை என்று தெரிந்தது. எனக்குக் குறிப்பாணை வந்தது. ஆவணம் எங்கே, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவும். உண்மையை எழுதினால் அவள் வீட்டுக்கு ஆள் போகும், காகிதத்தைக் கேட்டு மிரட்டும், மறுபடியும் ஒரு மைப்பெட்டி திறக்கும். ஆகவே முப்பத்து நான்கு வருஷப் பணியில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய்யை எழுதினேன்: 'மேற்படி காகிதம் அலுவலக இடமாற்றத்தின்போது தவறிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை.'

அன்று மாலைக்குள் விளக்கம் ஏற்கப்பட்டது. யாரும் சாட்சி கேட்கவில்லை. வாக்குமூலம் கேட்கவில்லை. கவிதையை எழுதியது அவள்தான் என்று நான் எழுதிய ஒன்பது பக்கத்தை நம்ப ஓர் ஆள் இல்லாத அந்த அலுவலகம், ஒரு காகிதம் தொலைந்துபோனது என்பதைக் கேட்டவுடன் நம்பியது. கோப்பை ஓராண்டு முடிவில் வைத்து மூடச் சொல்லிப் பச்சை மையில் எழுதினார்கள். ஓராண்டு முடிவு என்றால் ஒரு வருஷம் கழித்து எரித்துவிடலாம். என் ஒன்பது பக்கமும், நான் பிடித்து உருட்டிய அந்த ரேகையும், பேராசிரியரின் குறிப்பும் ஒரே கட்டாகப் போயிருக்கும். இறப்புப் பதிவேடு நிரந்தர ஆவணம். அதை எரிக்க விதி இல்லை. அவள் தம்பி இன்றைக்கும் அதில் காய்ச்சலில்தான் செத்துக்கொண்டிருக்கிறான்.